அந்த வரியை எழுதியவர்

லிஃப்டில் நசுங்கிச் செத்த தொழிலாளியின் அண்ணன் இரும்புக் கம்பியோடு எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டார். லிஃப்டை இறங்கச் சொன்ன புரோகிராம் வரியை எழுதியது யார் என்று கம்ப்யூட்டரில் காட்டச் சொன்னார். காட்டினேன். வரிக்குப் பக்கத்தில் என் ஜூனியர் பையன் ஜெரால்டின் பெயர் இருந்தது.

கம்பி இறங்கியதும் ஜெரால்டின் இடது கையில் இரண்டு விரல்கள் தொங்கின.

“நான் எழுதல சார். அந்த வரியில ஸ்பேஸ் மட்டும்தான் ஒழுங்கு பண்ணேன், அதுக்கே என் பேரு விழுந்துருச்சு,” என்று அழுதவன் என் பக்கம் திரும்பினான். “இந்தப் பேரு காட்டுற சாஃப்ட்வேருக்குக் காலையில வந்த புது வெர்ஷன்ல ஸ்பேஸ் மாத்துனவங்கள மறைக்கலாம்ணா. டிக் போடுங்க. மொதல்ல எழுதுனவன் பேரு வரும்.”

அந்த வரி எனக்கு மனப்பாடம். நான் எழுதியது.

“அப்படி ஒண்ணும் வரல சார்,” என்றேன்.

அவர் ஜெரால்டின் வலது கையை இழுத்து மேசைமேல் வைத்தார்.