ஊருக்கு ஒரு வீரன்

போர் நினைவுக் கல்லைத் திறந்து வைக்க அதிகாரி வரும் நேரம். ஆட்டுக்காரன் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றான். மேயர் ஒக்தாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"விடுய்யா கல்லை! பாதிரியார் பாக்கறாரு."

"பாக்கட்டும். இந்தக் கல்லுல இருக்கறதே ஒரே பேரு. 'லெயோன்'னு வெட்டச் சொன்னா, 'லெயோனி'ன்னு பொம்பளப் பேரை வெட்டி வச்சிருக்கான், அந்தக் குடிகாரக் கல்தச்சன்!"

"கீழே 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்'னு சரியாத்தானே இருக்கு? ஒரு எழுத்துதானேய்யா, அப்புறமா சுரண்டிடலாம்."

"போர்ல செத்தவனுக்கு இந்த ஊரு காட்டற மரியாதை இதுதானா?"

தூரத்தில் அதிகாரியின் கார் ஹாரன் கேட்டது.

"ஐயோ, வந்துட்டாரு! சர்ச்சுக்குப் பின்னாடி ஓடி ஒளிஞ்சுக்க, லெயோன்!"

போருக்குப் போன அத்தனை பேரும் உயிரோடு திரும்பிவிட்ட ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் நினைவுக் கல் நிற்க, இவர்களுக்கு மட்டும் வெட்டுவதற்கு ஒரு பெயர்கூட இல்லை. கடைசியில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத லெயோனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள்.

லெயோன் ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினான்.

"ஊர் மானத்துக்காகச் செத்தே குடுத்திருக்கேன், மேயரய்யா! ஆம்பளையாச் சாகவாவது விடக் கூடாதா?"