தெரிந்த முகம்

“கார்டு இல்லாம விடக் கூடாது மேடம்” என்று பேனாக்காரர் எழுந்து நின்றார்.

எழுந்து நின்றார் என்பது பேச்சுக்குத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சிலிருந்து அந்த உடம்பை உருவி எடுக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சட்டைப்பையில் மூன்று பேனா குத்தியிருந்ததால் நான் வைத்த பேர் பேனாக்காரர். வார்டு தேர்தலில் நிற்கும் பெண் வேட்பாளரின் ஏஜென்ட். பக்கத்தில் எதிர் வேட்பாளரின் ஏஜென்ட். அவர் காலையிலிருந்து வாயை மூடாமல் கொட்டாவி விட்டதால் கொட்டாவிக்காரர்.

சொந்தப் பேர், குலம் கோத்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. நான் வெளியூர். தெரியக் கூடாது என்றுதானே வாக்குச்சாவடிக்கு வெளியூர் அதிகாரியைப் போடுகிறார்கள்.

என் மேஜைக்கு எதிரே நின்ற அம்மாளை மட்டும் அறையில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தையல் டீச்சராம். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. பாதித் தையலில் மூட்டு வலியோடு எழுந்து வந்தவர், அடையாள அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

“அட, விடுங்க சார். டீச்சரைத் தெரியாதவங்க இங்க யாரு? முகத்தைப் பார்த்தாலே போதாதா?” என்று பேனாக்காரரிடம் சொன்னார் கொட்டாவிக்காரர்.

எதிராளிக்கு இருக்கிற பெருந்தன்மையைப் பாருங்கள் என்று எனக்கே மனசு உருகிவிட்டது.

மை வைக்கும் பெண் உள்ளூர்க்காரி. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் எதையோ தேடினாள். வாசலில் நின்ற காவலருக்கும் மீசை துடித்தது. என்ன வேடிக்கை என்று எனக்கு விளங்கவில்லை.

பேனாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. “தெரிஞ்ச முகம்னு இவங்களை விட்டா, அடுத்து வர்றவரை எந்த வாயால மேடம் நிறுத்துவீங்க?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டு வலியோடு வந்து நிற்கும் மனுஷியிடமா இந்தச் சட்டம் எல்லாம்? ஆனால் சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. அட்டை இல்லையென்றால் வாக்குச்சீட்டு இல்லை. சுவரில் நான்தான் ஒட்டியிருந்தேன்.

“போய் எடுத்துட்டு வந்துடுங்கம்மா. கதவு சாத்த இன்னும் நேரம் இருக்கு” என்றேன்.

“பீரோ சாவி என் பொண்ணுகிட்ட இருக்கு. அவ விடிஞ்சதுலேருந்து ஊரெல்லாம் சுத்திட்டிருக்கா. எங்கேன்னு போய்த் தேட?” என்று டீச்சர் என்னிடம்தான் சொன்னார். பார்வை மட்டும் பேனாக்காரர் மேல் இருந்தது. அந்தப் பார்வையில் ஊசி இருந்தது, நூல் இல்லை.

அம்மாவைத் தவிக்க விட்டு ஊர் சுற்றும் அந்தப் பெண்ணை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டினேன்.

டீச்சர் விந்தி விந்திப் படி இறங்கினார். போன தேர்தலில் இந்த வார்டில் ஜெயித்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டுகளில்தானாம். இந்தம்மா திரும்பி வராவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான் என்று அடித்துக்கொண்டது மனசு.

அப்போதுதான் வரிசையைப் பார்த்தேன்.

டீச்சருக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் சட்டைப்பையைத் தடவினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் கொட்டாவிக்காரரைப் பார்த்தார்கள்.

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“நாங்களும் கார்டை எடுத்துட்டு வந்துடறோம்” என்று சொல்லிவிட்டு மொத்தமாக நழுவினார்கள். எல்லாருக்கும் நல்ல இளம் கால்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

பெருந்தன்மைக்கு நான் உருகியது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த மூட்டு வலிக்கார முகத்தை நான் அனுமதித்திருந்தால், அதன் பின்னாலேயே எத்தனை கள்ள ஓட்டு முகங்கள் உள்ளே வந்திருக்கும்?

பேனாக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டோம். யாரையும் கூப்பிட வழியில்லை.

காவலர் கதவுக்குக் கையை நீட்டிய நேரத்தில் டீச்சர் உள்ளே வந்தார். புடவை கசங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. டேப் இன்னும் கழுத்திலேயே இருந்தது.

“பூட்டை உடைச்சுட்டேன்” என்று அட்டையை மேஜை மேல் வைத்தார்.

பேனாக்காரர் எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். “சரியா இருக்கு மேடம்” என்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

டீச்சர் மை வைத்துக்கொண்டார், மறைப்புக்குள் போனார், சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார். அன்றைக்குக் கடைசி ஓட்டு. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அதிகாரி கைதட்டக் கூடாது.

வெளியே போகும் வழியில் அந்தக் குட்டிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

“ராத்திரி வீட்டுக்கு வர்றப்போ கார்டோட வாங்க மாப்பிள்ளை. முகத்தைப் பார்த்தெல்லாம் நான் கதவைத் திறக்க மாட்டேன்.”

மை வைக்கும் பெண் இந்த முறை அடக்கவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் பேனாக்காரர் சட்டையில் குத்தியிருந்த ஏஜென்ட் சீட்டைப் பார்த்தேன். அதில் வேட்பாளர் பேரின் வாலில் ஏஜென்ட் பேரே ஒட்டியிருந்தது. பீரோ சாவியோடு விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் சுற்றிய மகள் யாரென்று அப்போதுதான் விளங்கியது.

பேனாக்காரர் பெஞ்சிலிருந்து மறுபடி உடம்பை உருவிக்கொண்டு எழுந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

“சரிங்க அத்தை” என்றார்.