தப்பு எந்த வரியில்?

“வந்துட்டான்டா நம்ம ஆளு!”

நிகில் கூவியதும் குரோம்பேட்டை ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லாரும் அவன் ஸ்க்ரீன் முன்னால் கூடிவிட்டார்கள்.

இணையத்தில் ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் சின்ன கம்பெனி அது. படிப்பவர்கள் எழுதி அனுப்புவதை இவர்களுடைய பார்ஸர் என்கிற மென்பொருள் வரிவரியாகப் படித்துப் பார்க்கும். சரியாக இருந்தால் ப்ரோக்ராம் ஓடும். இல்லாவிட்டால் சிவப்பு எழுத்தில் ‘சின்டாக்ஸ் எரர்’, அதாவது எழுதிய விதம் தப்பு, என்று மட்டும் வரும். எங்கே என்று சொல்லாது.

யூஸர் 77-க்கு ரெண்டு வாரமாக அந்தச் சிவப்பு எழுத்துதான்.

“மறுபடியும் அதே தப்பு! இவன் பாஸானா நான் திருநீர்மலை ஏறி மொட்டை போட்டுக்கறேன்.”

“கவலைப்படாதே நிகில், உன் முடி பத்திரமா இருக்கும்” என்றார் டீம் லீடர் ஜெபகுமார்.

எல்லாரும் சிரித்தார்கள். தீபலட்சுமியும் சிரித்துவைத்தாள். அவளை பெர்மனென்ட் ஆக்கலாமா வேண்டாமா என்று ஜெபகுமார் வெள்ளிக்கிழமை எழுதித் தர வேண்டும். அவள் குடும்பத்தில் டிகிரி முடித்ததும் அவள்தான் முதல், ஏசி ரூமில் வேலை பார்ப்பதும் அவள்தான் முதல். லீடர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா?

சீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. 77 எழுதியதைத் திறந்து பார்த்தாள். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் முதல் ஆங்கில எழுத்து மட்டும் கேபிட்டலாக, பெரிய எழுத்தாக இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஜெபகுமாரிடம் போனாள்.

“சார், இது போன்ல அடிச்சது. போன் கீபோர்டு வரியோட முதல் எழுத்தைத் தானா பெருசாக்கிடும். நம்ம பார்ஸர் அதை ஏத்துக்காது. இதைத் தெளிவா சொல்லிட்டா போதும் சார், அவங்களே சரி பண்ணிடுவாங்க.”

“போன்லயா? போன்ல எவன்மா ப்ரோக்ராம் எழுதுவான்?”



“நான் எழுதியிருக்கேன் சார். தேர்ட் இயர் வரைக்கும் எங்கிட்ட லேப்டாப் கிடையாது.”

நிகில் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“சரி, அவங்களுக்கு என்ன மெசேஜ் போகணும்னு எழுதிக் காட்டு.”

எழுதிக் காட்டினாள்.

“தப்பு” என்றார்.

மாற்றினாள்.

“தப்பு. மறுபடி பண்ணு.”

எங்கே தப்பு என்று அவர் என்றைக்கும் சொன்னதில்லை. கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது.

“விடு தீபா. ‘சின்டாக்ஸ் எரர்’னா என்னன்னு புரியாதவனுக்கு இந்தப் படிப்பு எதுக்கு?”

அன்று சாயங்காலம், படிப்பவர்களுக்குப் போகும் மற்ற மெசேஜ்களோடு இதையும் சேர்த்துவிட்டாள். ஒளிக்கவில்லை. ஆபீஸ் குரூப்பிலேயே போட்டாள்: ‘போனில் எழுதுபவர்களுக்கான மெசேஜையும் சேர்த்திருக்கிறேன் சார்.’ திட்டு விழும் என்று தெரிந்தேதான் போட்டாள்.

மறுநாள் காலை, நினைத்த மாதிரியே நடந்தது.

“யாரைக் கேட்டு போட்டே? மதியத்துக்குள்ள எடுத்துடு. வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தி என்ன எழுதறதுன்னு நானும் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு ஜெபகுமார் டீ குடிக்கக் கீழே போனார்.

தீபலட்சுமி அந்த மெசேஜைத் தேர்ந்தெடுத்தாள். ‘நீக்கவா? ஆம் / வேண்டாம்’ என்று ஸ்க்ரீன் கேட்டது. மௌஸ் மேல் விரல் இருந்தது, அழுத்த மனசு வரவில்லை.

பக்கத்து மேஜையில் ஹெல்ப்லைன் போன் அடித்தது. நிகில் எடுத்தான்.

“யூஸர் 77-ஆ?” என்றவன், எல்லாரையும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

வந்தது ஒரு பெண் குரல்.

“ஓடிடுச்சு தம்பி! ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு போன்ல தட்டினேன், ஓடியே போச்சு! ‘ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் பெரிதாக இருக்கிறது. உங்கள் போன் மாற்றியிருக்கலாம். சின்ன எழுத்தாக்கி அனுப்புங்கள்’னு வந்துச்சு. ரெண்டு வாரமா நான்தான் மக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். விட்டுடலாம்னு கூட இருந்தேன்.”

டீ டம்ளரோடு உள்ளே வந்த ஜெபகுமார், “எடுத்தாச்சா?” என்று கேட்க வாயைத் திறந்தவர், கேட்காமல் கதவருகிலேயே நின்றார்.

நிகில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏன் மேடம், உங்க வீட்ல யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாதா?” என்றான்.

“வீட்டுக்காரருக்குத் தெரியுமே. ஆரம்பத்துல ஒரு தடவை வேற கணக்கு ஒண்ணைக் காட்டினேன். சரியாக்கூடப் பார்க்கலை, ‘தப்பு, மறுபடி பண்ணு’ன்னார். அதுக்கப்புறம் படிக்கிறதையே நான் அவர்கிட்ட சொல்லலை. தப்பு எங்கன்னு சொன்னது நீங்கதான் தம்பி.”

“நான் இல்லை மேடம்” என்றான் நிகில். அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. “எங்க தீபா.”

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். அப்புறம், ஒரு உதவி தம்பி.” குரல் தணிந்தது. “என் வீட்டுக்காரர் உங்க ஆபீஸ்தான். ஜெபகுமார்னு பேரு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சிரிப்பார்.”

ஒருவரும் நிமிரவில்லை.

ஜெபகுமார் மெல்ல நடந்து வந்து டம்ளரை மேஜையில் வைத்தார். தீபலட்சுமியின் மௌஸை வாங்கி ‘வேண்டாம்’ என்பதை அழுத்தினார். பிறகு போன் பக்கம் குனிந்தார்.

“சிரிக்க மாட்டேன், ஜாஸ்மின்.”