யாரும் போன் போடாதீங்க

ஒருத்தன் காணாமல் போனால் முன்பெல்லாம் தேடுவார்கள். இப்போது போன் போடுகிறார்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே போடுகிறார்கள். எடுக்கவில்லை என்றால் மறுபடியும் போடுகிறார்கள். அதற்குப் பேர் தேடல்.

அவள் ஓலைக்கூடை ஒன்றைக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க. இனிமே யாரும் சித்தப்பாவுக்கு அடிக்கக் கூடாது."

என் மகள். மதுரையில் போன் கம்பெனியில் டவர் வேலை பார்க்கிறாள். பொம்பளைக்கு எதற்கு டவர் வேலை என்று கேட்டவன் நான்தான்.

காணாமல் போனவன் என் சகலை ராக்கப்பன். ஆடு ஒன்றைக் காணோம் என்று நேற்றுக் காலையில் கருவேலங்காட்டுக்குள் போனான். ஆடு வந்துவிட்டது. அவன் வரவில்லை.

பங்குனி வெயில். கையில் தண்ணீர் கொண்டுபோகவில்லை.

"போன்ல ஒரு கோடுதான் சார்ஜ் இருந்துச்சு" என்றாள் அவன் பெண்டாட்டி பூமயில். சொல்லிவிட்டுத் தன் போனைக் கூடையில் வைத்தாள்.

"அடிக்காம அவன் இருக்கிற இடம் எப்படித் தாயி தெரியும்?" என்று ஒருத்தன் கேட்டான். நான் கேட்க நினைத்ததுதான்.

"சும்மா கிடக்கிற போனும் அப்பப்ப முழிச்சுப் பார்க்கும் மாமா. டவர்கிட்ட, நான் இங்கனதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பவும் தூங்கிரும். அதுக்குக் கொஞ்சூண்டு சார்ஜ் போதும். நீங்க ஆளுக்கு ஒருதரம் மணி அடிச்சீங்கன்னா ஒரேயடியாச் செத்துரும்."

தூங்குகிற போன் பேசுமாம்.

கூடை நிறைந்தது. கடைசியாக என்னுடையதைப் போட்டேன். விடிந்ததிலிருந்து நானும் ஒன்பது தடவை அடித்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

போலீஸ் எஸ்.ஐ. போன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். மத்தியானம் பதில் வந்தது.

கண்மாய்க்கரை டவர். அதற்கு மேற்கே. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி.

அவள் குச்சியால் மண்ணில் கோடு இழுத்தாள். கதிர் அரிவாள் மாதிரி வளைந்து வந்தது.

"டவருக்குத் திசையும் தூரமும்தான் தெரியும். இந்த வளைவுக்குள்ளதான் எங்கயோ கிடக்காரு."

"அருவா பூராம் கருவைக்காடுதான தாயி" என்றான் அதே ஆள். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

நாற்பது ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். வளைவு நெடுக, இருபது எட்டுக்கு ஒருத்தனாக நிறுத்தினாள். கருவைக்குள் பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது. முள் கிழித்தது. எவனும் முனகவில்லை.

"ஒரு தடவைதான் அடிப்பேன். அதுக்கு மேல அந்தப் போன் தாங்காது. மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது."

சொன்னது ஆள் மாற்றி ஆள் கடைசிவரை போனது. எல்லாரும் நின்றார்கள். எஸ்.ஐ.யும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் சொல்லி என் வீட்டு நாய்கூட அப்படி நின்றதில்லை.

அவள் போனைக் காதில் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

காற்று. காய்ந்த கருவை நெற்றுகளின் சலசலப்பு. அதையும் நிறுத்தச் சொல்வாள் போல இருந்தது அவள் முகம்.

இடது பக்கம், தூரத்தில், ஒரு சேவல் கூவியது.

ராக்கப்பன் போன் சேவல் மாதிரிதான் கூவும். சாயங்காலம் நாலு மணிக்கு, காட்டுக்கு நடுவில்.

இரண்டாவது தடவை கூவியது. பக்கத்தில் நின்ற ஆட்கள் அசைந்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது கூவல் பாதியில் அறுந்தது.

அவள் போனை இறக்கினாள்.

"போதும். ஓடுங்க."

பழைய கரிமூட்டக் குழி. மேலே கொடி மூடிக் கிடந்தது. உள்ளே ராக்கப்பன். கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. போன் அவன் கைக்கு எட்டாமல் குழியின் மேட்டில் கிடந்தது.

உதட்டைத் துணியால் நனைத்தோம். இரண்டு மிடறு இறங்கியது. கண் திறந்தது.

"எவன்டா அவன்..." என்றான். காற்றுத்தான் வந்தது, குரல் இல்லை. "விடிஞ்சதுலேருந்து ஓயாம அடிச்சவன்?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது. பூமயில் அவன் நெஞ்சில் இரண்டு அடி அடித்தாள், பிறகு அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

எஸ்.ஐ. தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"யார் பொண்ணுய்யா இது?"

"என் பொண்ணு."

இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது.

"அப்பா, இப்பவாவது நம்புறீங்களா?" என்றாள். முகமெல்லாம் முள் கீறல்.

"சேவல் கூவுச்சு. போய்த் தூக்குனோம். இதுல டவர் எங்கிட்டு வந்துச்சு?"

அவள் எஸ்.ஐ.யைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பி நடந்தேன்.

பின்னால் எஸ்.ஐ. குரல் கேட்டது. "எனக்குப் புரியிற மாதிரி முதல்லேருந்து சொல்லும்மா."

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் நின்று வலது செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். முள் ஒன்றும் இல்லை.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடது செருப்பையும் கழற்றிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

அப்புறம் நடந்தேன். நம்புகிற மாதிரி ஒரு வார்த்தையும் அவள் சொல்லவில்லை.