பன்னிரண்டும் தப்பு

“டாக்டரம்மா, ஒரு மாசமா எம்பொண்ணுக்குக் கண்ணே தெரியலை. நேத்து வழியில ஒரு கோவேறு கழுதைக்கு ‘வணக்கம் சார்’ங்கிறா. ஹெட்மாஸ்டர்னு நெனச்சிட்டாளாம்.”

கர்ணபீர் ரோகாயா உண்மையான கவலையோடுதான் சொன்னார். டாக்டர் நிர்ஜலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மலைமேல் இருக்கும் ஜும்லா ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனியாகக் கண் பிரிவு தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சுக்கு இறங்கிப் போக வேண்டும். இப்போது ரோகாயாவின் ஊர்க்காரர்கள் இரண்டு நாள் நடந்தால் போதும். கழுதைகளில் அரிசி மூட்டை ஏற்றிப் பிழைக்கும் மனிதர், அந்த வேலையை நிறுத்திவிட்டு மகளோடு வந்திருந்தார்.

“வேற என்னெல்லாம் செய்யறா?”

“கோழித் தீனியை நாய்க்குப் போடறா. புத்தகத்தை மூக்காலதான் படிக்கிறான்னு டீச்சர் சொல்லி அனுப்பறாங்க. வர்ற வழி பூரா என் கையை விடலை. ‘மெல்லப் போப்பா, இங்க ஏதோ பாறை தட்டுது’ன்னு அடிக்கொரு தரம் நிறுத்தினா. பாவம், தடவித் தடவியே வந்து சேர்ந்தா.”

பத்து வயது லால்சரா தலையைக் குனிந்து சாதுவாக உட்கார்ந்திருந்தாள்.

எதிர்ச் சுவரில் ‘E’ போல மூன்று கால் வைத்த எழுத்துகள் வரிசையாக இருந்தன. கால்கள் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். நிர்ஜலா குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மேலே நீண்டதற்கு லால்சரா கீழே காட்டினாள். வலதுக்கு இடது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பன்னிரண்டும் தப்பு. நிர்ஜலா “தப்பு, தப்பு” என்று சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

“அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க,” என்றாள் நிர்ஜலா.

“தூரமாப் போகாதேப்பா, வாசல் பெஞ்சிலயே இரு,” என்றாள் லால்சரா. நர்ஸ் அவரை அழைத்துப் போனாள்.

நிர்ஜலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இங்க பாரு கண்ணு. கண்ணு தெரியாதவங்க குத்துமதிப்பாத்தான் காட்டுவாங்க. அதுல ரெண்டு மூணு தானா சரியா விழுந்துடும். ஒண்ணு விடாம தப்பாக் காட்டணும்னா கழுகுக் கண்ணு வேணும்.”

லால்சராவின் முகம் சிவந்தது. “ரெண்டு மூணு சரியாக் காட்டியிருக்கணுமா?”

“ஆமா. எதுக்கு இந்த நாடகம்? கண்ணாடி போட ஆசையா?”

“எனக்கெதுக்கு?”

“அப்ப, பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.”

“டீச்சர் நல்லவங்கதான்.”

“சரி, பஜார்ல மோமோ சாப்பிடணும். அதானே?”

லால்சரா கொஞ்சம் யோசித்தாள். “வாங்கிக் குடுத்தா சாப்பிடுவேன். ஆனா அதுக்காக வரலை.”

நிர்ஜலாவின் குரல் மாறியது. “வெளியே வரிசையைப் பார்த்தியா? நிஜமாவே கண்ணு தெரியாத பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. உங்கப்பா பிழைப்பைப் போட்டுட்டு உனக்காக நடந்து வந்திருக்கார். அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடறேன்.”

“இப்பச் சொல்லாதீங்க, டாக்டரம்மா.” லால்சராவின் கண்கள் நிறைந்துவிட்டன. “பக்கத்து ரூம்ல பெரியவங்களுக்குக் கண்ணு பார்க்கறாங்களே, அங்க அவரை உட்கார வச்சப்புறம் சொல்லுங்க.”

“அவரையா? ஏன்?”

“போன மாசம் தொங்குபாலத்துல, பலகை போயிருந்த இடத்துல காலை வச்சுட்டாரு. கழுதையோட கயித்தைப் பிடிச்சுத் தொங்கித்தான் தப்பிச்சாரு. ஊருக்குத் தெரிஞ்சா யாரும் சுமை தரமாட்டாங்கன்னு மறைக்கிறாரு. தன் கண்ணுக்குன்னா ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாரு. எனக்குன்னு சொன்னாத்தான் வருவாரு.”