நாற்காலி தெரிகிற உயரம்

துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தச்சரைப் பார்த்துக் குனிந்து வணங்கினேன்.

வெள்ளைத் துண்டு. மேலே காகிதம் சுற்றி, ‘வணக்கங்களுடன்’ என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் கட்டுமான வேலை தொடங்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இப்படி ஒன்றைக் கொடுத்து, வரப்போகிற சத்தத்துக்கும் தூசிக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள். பெயர் மட்டும் தெரிந்த வீடுகளுக்கு அது.

எனக்கு எதற்கு?

பக்கத்து வீட்டு ரித்சுகோ தன் தோட்டத்தில் உட்கார்வதற்கு ஒரு மரத்தளம் போடப் போகிறாள். பனி கொட்டிய மாதங்கள் முழுக்க நாங்கள் இருவரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

கூரைப் பனி சரிந்து விழும், இரண்டடி தள்ளிப் போடு என்று சொன்னது நான். தேவதாரு வேண்டாம், சைப்ரஸ்தான் ஈரம் தாங்கும் என்றதும் நான். காலை வெயில் எந்த மூலைக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்து ஒரு வாரம் எழுதிக்கொடுத்தேன். அவள் தோட்டம் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஏழு வருடமாக அந்த ஜன்னலில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. அவள் கதவைத் திறந்தால் கையாட்டுவேன். துணி காயப்போட வந்தால், மழை வருமா வராதா என்று கத்திச் சொல்வேன். அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான்தான் முதலில் பார்ப்பேன். ஒரு நாளில் நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

தளம் தயாரானதும் தினமும் காலையில் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதாக ஏற்பாடு. அப்படித்தான் நான் சொல்லிவைத்திருந்தேன். அவளும் சிரித்தாள். இரண்டு திண்டுகள்கூடத் தைத்து முடித்துவிட்டேன்.

போன மாதம் ஒருநாள் ரித்சுகோ வேலியோரம் வந்து நின்றாள். பூங்கொடி படர அங்கே ஒரு மரத்தட்டி வைக்கப் போகிறாளாம்.

“நீ போய் உன் ஜன்னல்ல நில்லு சுமியே. தட்டி எவ்வளவு உயரம் வரைக்கும் இருந்தா நான் உனக்குத் தெரிவேன்னு பாத்துடலாம்.”

தளம் வரப்போகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் தன் தொப்பியை மாட்டினாள். துணி காயப்போடும் கம்பில் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டு, வேலியோரம் நின்று இடுப்பளவிலிருந்து மெல்ல மெல்ல உயர்த்தினாள்.

“தொப்பி தெரியுதா?”

“தெரியுது!”

“இப்ப?”

“தெரியுது, தெரியுது!”

“இப்ப?”

“போச்சு! அப்படியே பிடிச்சுக்கோ, அசையாதே!”

நானே டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேகத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்தோம். தரையிலிருந்து கம்பு வரை நூற்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

தட்டி அதற்கு மேல் போய்விடக் கூடாது என்றுதான் அளக்கிறாள் என்று நினைத்தேன். எனக்காக யார் இவ்வளவு யோசிப்பார்கள்? அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

இப்போது தச்சர் வாசலிலேயே வரைபடத்தை விரித்தார்.

“தட்டி உங்க பக்கந்தாம்மா வருது. சமையலறையில வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதான் முன்னாடியே காட்டிடலாம்னு. அந்தம்மாவே வந்திருப்பாங்க, உடம்பு முடியலையாம்.”

காலையில்தான் அவள் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். நான் பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தாள்.

படம் ரித்சுகோ கைப்பட வரைந்தது. நான் சொன்ன இரண்டடி இருந்தது. நான் சொன்ன சைப்ரஸ் இருந்தது. வெயில் வரும் நேரம்கூட மூலைக்கு மூலை குறித்திருந்தாள். நாற்காலி மட்டும் ஒன்றுதான்.

ஓரத்தில் என் வீடு. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணை வரைந்திருந்தாள், இமை முடியெல்லாம் வைத்து. கண்ணிலிருந்து நாற்காலிக்கு ஒரு கோடு. நடுவில் தட்டி அந்தக் கோட்டை வெட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் அவளுடைய பொடி எழுத்து:

‘நூற்று அறுபத்திரண்டில் மறைந்துவிடும். எதற்கும் நூற்று எண்பதாக இருக்கட்டும்.’

எதற்கும்.

முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் வாயாலேயே ‘போச்சு’ சொல்லவைத்து, என் கையாலேயே அளக்கவைத்திருக்கிறாள்.

“ஆட்சேபணை ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா.”

“ஒண்ணுமில்லைங்க. அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் எடுத்ததுதானே.”

மரியாதைக்கு ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். குனிந்து வணங்கிவிட்டு எதிர்வீட்டு மணியை அடித்தார். அங்கேயும் அதே துண்டு.

சமையலறைக்குள் போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன்.

சற்று நேரத்தில் ரித்சுகோ கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்த்தாள். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடி, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலைத் திறந்தேன். அன்று கத்திய அதே குரல்தான் வந்தது.

“தெரியுது ரித்சுகோ! இன்னும் தெரியுது!”

அவள் திரும்பவில்லை. கையை உயர்த்தி, தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.