நாலு லிட்டர்

நீர்க்கடுப்போடு மூன்றாம் முறையாகத் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து நின்ற வரிச்சிக்குடி கல்யாணசுந்தரியைப் பார்த்ததும் நர்ஸ் கீர்த்திகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“தண்ணி குடிக்கச் சொன்னேனே, குடிச்சீங்களாக்கா?”

“நடவு வயல்ல எங்கங்க குடிக்கிறது? குடிச்சா ஒதுங்கணும். ஒதுங்க ஒரு மறைவு இல்ல. வரப்புல பூரா ஆம்பளைங்க.”

“வெக்கத்தப் பாத்தா கிட்னி போயிடும். அப்புறம் நாத்து நட யாரு போவா? நாலு லிட்டர் குடிக்கணும், சொல்லிட்டேன்.”

கல்யாணசுந்தரி தலையாட்டினாள். படித்த பிள்ளை, நல்லதுக்குத்தானே திட்டுகிறது.

அலமாரியில் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. கீர்த்திகா சற்றுத் தயங்கி, தன் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் பாதி ஏற்கெனவே காலி.

“இது யாருக்கு வாங்குனதுங்க?”

“மொதல்ல ஒண்ணப் போடுங்க. இந்தாங்க தண்ணி.”

கீர்த்திகா கொடுத்த பாட்டில் கனத்தது. காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

“பொழுது சாயப்போவுது, நீங்க ஒரு வாய்கூடக் குடிக்கலியா சிஸ்டர்?”

கீர்த்திகா தலை நிமிரவில்லை.

“இங்க கக்கூசுக்குக் கதவு இல்லக்கா. வெளிய பூரா ஆம்பளைங்க.”